கொம்பின் நீளம்

ஜூன் 8, 2025 – ஞாயிறு

இன்றும் வேலியருகே பிறந்தநாள். பி பிளாக்கில் யாருடைய பிள்ளைக்கோ மூன்று வயதாம். முதல் துண்டு கேக்கை மானுக்கு ஊட்டிப் படம் எடுத்தார்கள். கேக். மானுக்கு. பின்னாலேயே கேரட், மீந்துபோன இட்லி, சாம்பார் சாதம்.

இந்தக் குடியிருப்பில் இது வழக்கமாகிவிட்டது. பிறந்தநாள், திருமண நாள், பதவி உயர்வு, எதுவானாலும் ‘இன்றைய மான் உணவு, உபயம் இன்னார்’ என்று வாட்ஸாப்பில் வந்துவிடும்.

மூடிப்போன தொழிற்சாலையின் முதலாளி அழகுக்காக விட்ட புள்ளிமான்கள் அவை. அந்த நிலத்தில் பாதியை எங்கள் அடுக்ககம் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் மான்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. புல் தீர்ந்து வெறும் மண். என் பால்கனியிலிருந்தே விலா எலும்பு தெரிகிறது. இவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்.

ஜூன் 10 – செவ்வாய்

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அவருடைய மான்கொம்பைத் துடைத்தேன். மற்ற வேலைகளை யாரிடமும் விடலாம். இதை விட்டதில்லை.

ஜூன் 22 – ஞாயிறு

சங்கக் கூட்டம். எழுந்து நின்று பேசினேன். இந்த இடம் தாங்குவதற்கு மேல் மான் இருக்கிறது, சோறு போடுவதை நிறுத்துங்கள், வனத்துறையிடம் சொல்லிக் குறைக்க வழி பாருங்கள் என்றேன்.

“குறைக்கறதுன்னா எப்படிங்க ஆன்ட்டி?” என்றான் விக்ரம். சங்கச் செயலாளர். ஈரோட்டுப் பையன், கம்ப்யூட்டர் வேலை.

சுற்றி வளைத்துப் பேச கான்வென்ட்டில் எனக்குச் சொல்லித் தரவில்லை. “சுடுவது” என்றேன்.

நான் நிறுத்தவில்லை. என் கணவர் கிருபாகரன் அறுபதுகளில் முறையான அனுமதியோடு ஊத்துக்கோட்டைக்கு அப்பால் காட்டில் மான் சுட்டவர். கொம்பு முற்றிய ஆண்மானை மட்டும்தான் சுடுவார். பெட்டையைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தான் காடு ஓர் அளவில் நின்றது. வேட்டைக்காரன் தேர்ந்தெடுப்பான், பசி தேர்ந்தெடுக்காது. இவ்வளவும் சொன்னேன்.

பின்வரிசையில் ஒருவன், “அப்ப அடுத்த மீட்டிங்குக்கு மான் பிரியாணி கன்ஃபார்ம் மச்சான்” என்றான். சிரிப்பு. விக்ரம் சிரிக்கவில்லை. “அது அந்தக் காலம் ஆன்ட்டி. நாங்கெல்லாம் உயிர்கள நேசிக்கறவங்க” என்றான். அப்போது அவன் கையில் சிக்கன் பஃப்ஸ்.

ஜூன் 23 – திங்கள்

எனக்கு ‘வேட்டைக்காரம்மா’ என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். சொன்னவன் காவலாளி எத்திராஜ். சொல்லிவிட்டு அவனும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஜூலை 3 – வியாழன்

வேலி ஓட்டை வழியாக நாய்கள் புகுந்து ஒரு பெட்டையைக் குதறிப் போட்டிருக்கின்றன. “பாக்கவே முடிலம்மா. வவுத்துல குட்டி கீது” என்றான் எத்திராஜ்.

வாட்ஸாப்பில் அழுகிற முகங்கள், மெழுகுவத்திப் படங்கள். துப்பாக்கி வேண்டாம் என்றார்கள் இல்லையா? நாய்ப்பல் வந்துவிட்டது. நிறைமாதக்காரி என்று அது பார்க்குமா? அவர் பார்த்திருப்பார்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஜூலை 5 – சனி

இன்னும் இரண்டு செத்துவிட்டன. உடம்பில் கடியே இல்லை.

அது ஒருபுறம் இருக்கட்டும். வனத்துறையிலிருந்து எனக்குத் தொலைபேசி. என் வீட்டுச் சுவரில் மான்கொம்பு இருப்பதாகப் புகார் வந்திருக்கிறதாம். யார் கொடுத்திருப்பார்கள்? மார்ச்சில் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த விக்ரம் அந்தக் கொம்புக்கு அடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனானே! என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுத்தானே போனான்?

கொம்பை வைத்துக்கொள்ள வனத்துறையே கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. அவர் அதிலெல்லாம் சரியான ஆள். வரட்டும், முகத்துக்கு நேராகக் காட்டுகிறேன். இவர்கள் என்ன, என் புருஷனைத் திருடனென்றா நினைத்தார்கள்?

ஜூலை 9 – புதன்

செத்த மான்களை அறுத்துப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர், வேலை முடிந்ததும் ஒரு வனக்காவலரோடு என் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் ஜஹானாரா. பூந்தமல்லிப் பெண். சோற்றையும் இட்லியையும் தின்று வயிறு புளித்துச் செத்திருக்கின்றனவாம். நான் சொன்னது சரிதான்.

சான்றிதழைப் பார்த்தார்கள். அது அவர் பெயரில் இருக்கிறது. அவர் இறந்தபோதே நான் தெரிவித்துப் பெயரை மாற்றியிருக்க வேண்டும். வங்கி, வீடு, கேஸ் இணைப்பு எல்லாம் மாற்றினேன். இதை மாற்றத் தோன்றவில்லை. கொம்பு அவருடையது, அதில் மாற்ற என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமை எடுத்துப்போவார்கள். வழக்கு வராதபடி எழுதுவதாகச் சொன்னாள்.

அழக்கூடாது என்பதற்காகப் பேசினேன். கூட்டத்தில் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். அவர் ஆணை மட்டுமே சுட்டது, பெட்டையைத் தொடாதது, காட்டை அளவில் வைத்தது.

குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஆணை மட்டும் சுட்டா கூட்டம் குறையாது. மிச்சம் இருக்கற ஒரு ஆண் போதும், எல்லாப் பெட்டையும் குட்டி போடும். குறைக்கணும்னா பெட்டையத்தான் எடுக்கணும்” என்றாள்.

“அப்படியானால் அவர் செய்தது?”

சுவரிலிருந்த கொம்பை ஒருமுறை பார்த்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்தாள். நாகரிகமான பெண். அந்த நாகரிகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜூலை 10 – வியாழன்

அந்தக் காலத்தில் வேட்டை முடிந்து ஜீப் வந்து நிற்கும். நண்பர்கள் சத்தத்தோடு இறங்குவார்கள். அவர் கையைக்கூடக் கழுவாமல், என் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போவார். கொம்பை அடியிலிருந்து நுனிவரை அளப்பார். போன தடவையைவிட ஓர் அங்குலம் கூட இருந்தால் அன்றைக்கு வீடே திருவிழா.

காட்டில் எவ்வளவு மான் இருந்தது, புல் இருந்ததா, குட்டி பிழைத்ததா – ஒருநாளும் பேசியதில்லை. ஒருநாளும். நீளம், நீளம், நீளம்.

பெட்டைக்குக் கொம்பு கிடையாது. அதனால்தான் தொடவில்லையா?

ஜூலை 12 – சனி

விக்ரம் வந்தான். உட்காரச் சொல்லவில்லை. புகார் கொடுத்தது தான்தான் என்று அவனே சொன்னான். மன்னிப்பும் கேட்டான். இதுவரை ஏழு செத்துவிட்டன. இப்போது எல்லோரும் என் பக்கமாம்.

“ஆன்ட்டி, மானுங்கள என்ன பண்றதுன்னு முடிவு பண்ண திங்கக்கிழமை ஆபீசர் வர்றாங்க. அங்கிள் மாதிரி ஆளுங்க காட்டை எப்படிப் பார்த்துக்கிட்டாங்கன்னு நீங்களே சொல்லோணும். நீங்க சொன்னா எடுபடும்ங்க.”

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். தலையை ஆட்டியிருந்தால் போதும். இந்தக் கட்டடத்தில் அவர் பெயர் நின்றிருக்கும்.

“அவர் கொம்புக்காகச் சுட்டார், விக்ரம். காட்டுக்காக இல்லை” என்றேன்.

கதவைச் சாத்தினேன். இதை அவன் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்ததா?

ஜூலை 14 – திங்கள்

கொம்பை நானே துடைத்தேன். எத்திராஜ் ஏணி போட்டு இறக்கினான். வனக்காவலர் அதைச் சாக்கில் சுற்றினார். “இன்னாம்மா, ஆணி சும்மா கீது, காலண்டர் மாட்டட்டா?” என்றான் எத்திராஜ். பிடுங்கிவிடச் சொன்னேன்.

அதிகாரி வருவதற்குள் கீழே இறங்கி வேலிக்குப் போனேன். இங்கு குடிவந்த பிறகு இதுதான் முதல் தடவை. ஒன்றும் கொண்டுபோகவில்லை. பழக்கத்தில் என் கண் நேரே ஆண்மான்மேல் போய் நின்றது. நல்ல கொம்பு. எத்தனை அங்குலம் இருக்கும் என்று மனம் அதுபாட்டுக்கு அளந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக நானும் அதைத்தானே பார்த்திருக்கிறேன்?

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.