நெல்லிபெட்டாவுக்கு முதல் கையெழுத்து

மல்லேஸ்வரம்,
திங்கள் காலை

அன்புள்ள அப்பாவுக்கு, பிரபா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று எனக்குப் பெரிய நாள் அப்பா. ஊருக்கு வெளியே நெல்லிபெட்டா என்ற மலையை இனியும் குவாரிக்கு விடாமல் பூங்காவாக அறிவிக்கக் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறோம் என்று சொன்னேனே, அதற்காக அடிவாரத்தில் கூட்டம். நான் பேசத் தொடங்கியதும் மாதேவன் என்ற குவாரித் தொழிலாளி எழுந்தார். தருமபுரிக்காரர்.

"நீங்க கம்ப்யூட்டர் வேலையில இருக்கீங்க. மலைய மூடிட்டா நாங்க எங்கம்மா போறது?"

எழுதி வைத்திருந்த கன்னடப் பேச்சை மடித்துவிட்டேன். "எங்கப்பாவும் கல்லு உடைச்சவர்தாண்ணா. அந்தத் தூசியில இன்னும் இருமுறாரு. பார்க்ல காவல் வேலை முதல்ல உங்களுக்குத்தான்னு மனுவுலயே கேட்போம்" என்றேன்.

அந்த வரியை அவரே சொல்ல, நான் எழுதினேன். முதல் கையெழுத்தும் அவருடையதுதான். இரண்டு பேர் போடாமல் எழுந்து போனார்கள். ஆனால் மாலைக்குள் நானூறு பேர் போட்டுவிட்டார்கள்! வெள்ளிக்கிழமை மனுவை டி.சி. ஆபீஸில் கொடுக்கிறோம்; கலெக்டரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

மலையில் வழுக்கி முழங்கால் லேசாகச் சிராய்த்தது, அவ்வளவுதான். அம்மாவிடம் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். ஒருத்திக்காகக் குழம்பு வைக்கத் தோன்றுவதில்லை.

உங்களைக் கேட்காமல் உங்கள் கதையைச் சபையில் சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள். மாதேவன் அண்ணா உங்களைப் பார்க்க வேண்டுமாம். ஒரு ஞாயிறு வாருங்கள் அப்பா. ஏற வேண்டாம், கீழே நின்று முழு மலையைப் பார்க்கலாம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்
பிரபா