பூசணம் பிடித்த சுவர்

வெள்ளிமலையே கதியென்று இருக்கும் என் மகளுக்கு,

ரிஷிவந்தியம் வந்து சேர்ந்தேன். மலை இறங்கும்போது பஸ்ஸில் காது அடைத்தது, வேறொன்றுமில்லை.

உன் மாமியார் வீட்டை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். மார்கழிக் குளிரிலும் சுவரில் ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. வெயில் வந்ததும் கம்பளிகள் பாறைமேல் காய்கின்றன. ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. "அத்தை சொல்லிக்கினே இருப்பாங்கம்மா, வூட்டுக்குள்ள காத்து வரணும்னு" என்று நீ பெருமையாகச் சொன்னாய். என் பேச்சை நீ இப்படி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

உனக்குக் குளிருமே என்றுதான் ஜன்னல்களை மூடினேன் என்று அங்கே சொன்னேன். அதில் பாதி பொய். ஈரத்துணியையும் உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். இருபது வருஷம் உன்னை அப்படித்தானே வளர்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் உனக்கு மூச்சிழுப்பு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாம். உன் மாமியார் ஜன்னலைத் திறந்துவிட்டு உன் முதுகைத் தடவிக்கொடுத்தார். என்னைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். "நீங்க இன்னா பண்ணுவீங்க சம்மந்தி, தெரியாம செஞ்சதுதானே" என்றார். அதுதான் இன்னும் எரிகிறது.

இங்கே வந்ததும் நம் வீட்டில் உன் அறையைப் பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னால் சுவர் பூசணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. சின்ன வயதில் நீ திறக்கச் சொல்லி அழுத ஜன்னலைத் தோசைக்கரண்டியால் நெம்பித் திறந்தேன். சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பும் அடித்துவிட்டேன்.

பொங்கலுக்கு வந்து பத்து நாள் தங்கு. இழுப்பில்லாமல் திரும்பினால் அதை உன் அத்தையிடம் மறக்காமல் சொல். ஜன்னலைத் திறக்க நான் யாரிடம் கற்றேன் என்பதை மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்