கெதியாகக் கதைக்கிறவர்

1992 மார்ச் 1, ஞாயிறு

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கோலியர்ஸ் வுட்டின் வழக்கமான சாம்பல் வானம். குளியலறை ஜன்னல் பூட்டுப்படுகுதில்லை, காகிதம் மடித்துச் செருகியிருக்கிறேன். வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

வசந்தியும் பிள்ளையும் வந்து இன்றோடு நாலு நாள். ஐந்தரை வருடம் நான் ஒருவனாகக் கிடந்த வீட்டில் புதிதாகச் சேர்ந்தவை: சீப்பில் நீளத் தலைமயிர். தலையணையில் நல்லெண்ணெய் வாசம். கதவடியில் இரண்டு சோடிச் செருப்பு, அதில் ஒரு சோடி என் உள்ளங்கை அளவு. அந்தச் சின்னச் செருப்பை இன்று மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். பைத்தியம்தான்.

விமான நிலையத்தில் பிள்ளை கைகூப்பி, "வணக்கம் மாமா" என்றாள். எல்லா ஆம்பிளைகளுக்கும் அப்படிச் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். வசந்தி தோளில் இடித்து, "மாமா இல்லையடி, அப்பா" என்றாள். துளசி என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாயின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஏதும் வேண்டுமென்றால் தாய் மூலம்தான். "அம்மா, இவரிட்டச் சொல்லுங்கோ, தண்ணி சுடுது எண்டு." இவர் பக்கத்தில்தான் நிற்கிறார்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அவளுக்கு எட்டு மாதம். இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. ஞாபகம் இருக்க நியாயமில்லை. எல்லாம் விளங்குகிறது. விளங்கியும் மனம் கேட்குதில்லை. மாதம் ஒரு கசட் பேசி, கொழும்புக்குப் போகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் நிரப்பி. கதை, புத்திமதி, பகிடி, பஸ்ஸில் கண்ட நாய்க்குட்டி எல்லாம். அவ்வளவு கதைத்த வாய்க்கு அந்த ஒரு சொல் கிடைக்கக்கூடாதா? ஒரே ஒரு தரம் கூப்பிட்டால் போதும். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி உறைந்து கிடந்தது. ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைபோல. லோண்டரியில் என்னோடு நிற்கும் குகன் கேட்டான், "என்ன அண்ணை, பிள்ளை ஒட்டிட்டாளோ?" ஓம் என்றேன். பொய்.

துளசி பற்றி இதுவரை கண்டுபிடித்தவை:

சுவரில் கால் வைத்துக்கொண்டுதான் நித்திரை.

பிட்டில் முதலில் சீனி, பிறகுதான் கறி. முட்டை கடைசிக்கு.

படிகளை எண்ணுகிறாள். பதின்மூன்று. இங்கே ஐந்தரை வருடம் ஏறி இறங்கியும் எனக்குத் தெரியாது.

கதிரையில் ஏறி நின்று லைட் சுவிட்சைப் போடுவதும் நிற்பாட்டுவதும். விளையாட்டு மாதிரி இல்லை, பரிசோதிக்கிற முகம். நான் ஏதோ சொல்லப்போக வசந்தி தடுத்தாள்: "விடுங்கோ. ஊரில ரெண்டு வருசமாக் கரண்டைக் காணாத பிள்ளை."

இடது காதுக்குப் பின்னால் மச்சம். எனக்கும் அதே இடத்தில். கண்ணாடியில் காதை மடித்துப் பார்த்து உறுதி செய்தேன்.

வ. போட்ட தேத்தண்ணி. அதே இஞ்சி, அதே அளவுக்கு மிஞ்சி. தொண்டை எரிந்தது. இதற்காகத்தான் இவ்வளவு காலம் ஏங்கினேன் என்று சொல்ல நினைத்தேன். இன்னொரு கப் தா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். விளங்கியிருக்கும்.

மார்ச் 5, வியாழன்

தூறல். லீவு எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பதிய மூவரும் போனோம். ரீச்சர் நல்ல மனுசி. குந்தியிருந்து துளசியின் உயரத்துக்கு வந்து, என்னைக் காட்டி ஏதோ கேட்டார். "உங்களோட வந்திருக்கிறது ஆர் எண்டு கேக்கிறா" என்று வ. சொன்னாள்.

துளசி நன்றாக யோசித்தாள். "இவர் எங்களைத் தன்ர வீட்டில வச்சிருக்கிறவர்."

ரீச்சருக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம். வ. இங்கிலிஷில் "பாதர்" என்று சொல்லி முடித்தாள். பஸ்ஸில் நான் ஒன்றும் கதைக்கவில்லை. நான் கதைக்காமல் இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், அவ்வளவு வாய் எனக்கு. கலியாணம் கட்டின புதிதில் வ. சொல்லுவாள், "மூச்சு விட்டிட்டுக் கதையுங்கோ, நான் எங்கையும் ஓடேல்லை."

வாங்க: பால், அரிசி மா, பிள்ளைக்கு மழைக்கோட்டு.

மார்ச் 7, சனி

வெயில். துளசி ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தாள். "அம்மா, இந்த வெயில் சுடுதில்லை. பழுது." ஐந்தரை வருடமாகப் பார்க்கிற வெயில், நான் அதை ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை. சூரியனைத் திருத்தக் கொடுக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை. அலுமாரிக்கு மேலிருந்து கசட் ரெக்கோடரை இறக்கினேன். கொண்டுபோக ஆள் கிடைக்காமல் நின்றுபோன கசட் ஒன்று இருந்தது. நரிக்குச் சளி பிடித்த கதை, நானே கட்டியது. போட்டேன். அறைக்குள் இருந்த துளசி வாசலில் வந்து நின்றாள். பிறகு நிலத்தில் இருந்தாள். தலையைச் சரித்து, கண்ணை இடுக்கி, கடைசிவரை கேட்டாள். கதை முடிந்தது.

"இது ஆரெண்டு தெரியுதோ?" என்றேன்.

"தெரியும்."

"ஆர், அப்பாதானே?"

"அப்பா இல்லை. இது நீங்கள்."

எந்த நீதிமன்றத்தில் போய் முறையிடுவது? குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற வ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைவரை நடந்தேன். வாத்துகள். ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். அவனையும் பிடிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வானம் மூடிக் கிடக்கிறது. காலையில் நான் முகம் கொடுக்கவில்லை. வெங்காயம் வெட்டித் தா என்று கத்தியைக் கையில் திணித்துவிட்டு வ. தானாகவே தொடங்கினாள்.

"நேற்று நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கேல்லை. அவள் சொன்னது சரியெண்டுதான் சிரிச்சனான்."

"என்ன சரி?"

"கரண்ட் இல்லை. சண்டை நேரம், கசட் ரேடியோவுக்குப் போடுற பற்றியும் ஊருக்குள்ள வர விடேல்லை. சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவில வயர் குடுத்துத்தான் உங்கட கசட் கேட்டனாங்கள். ஆரும் பெடலைக் கையால சுத்திக்கொண்டே இருக்கவேணும். சுத்துறது மெல்லமானால் உங்கட குரலும் மெல்லமாயிடும். மாடு கத்துற மாதிரி."

"எப்பவுமோ?"

"எப்பவும். அவளுக்குத் தெரிஞ்ச அப்பா அப்பிடித்தான். தடிச்ச குரல், ஒவ்வொரு சொல்லா இழுத்து இழுத்து. நீங்கள் இஞ்ச பொரிஞ்சு தள்ளுறியள். அவளுக்கு எப்பிடி அது நீங்களெண்டு தெரியும்? விசாவுக்கு நிண்ட கொழும்பு லொட்ஜிலயும் கசட் போட ஒண்டும் இருக்கேல்லை."

சுற்றியது யார் என்று கேட்டேன். முதலில் அவளுடைய தம்பியாம். அவன் கொழும்புக்குப் போனபிறகு வ.

"ஒரு நாள் என்ர கையைத் தள்ளிப்போட்டு அவள் பெடலைப் பிடிச்சாள். நாலரை வயசிருக்கும். பிறகு ஒருத்தரையும் தொட விடேல்லை. கை மாத்தி மாத்திச் சுத்துவாள். கடைசியில களைச்சுப் போவாள், நீங்களும் இழுபட்டு இழுபட்டு நிண்டிடுவியள். உடன ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து ரேடியோவுக்குப் பக்கத்தில வைப்பாள். அப்பாக்குக் களைச்சுப் போச்சாம்."

வெங்காயம் வெட்டியது வசதியாகப் போய்விட்டது.

இதை ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டேன். "இதில என்னத்தை எழுதுறது? எல்லா வீட்டிலயும் அப்பிடித்தானே கேட்டவை" என்றாள்.

இவ்வளவு காலமும் நான்தான் அவளோடு கதைத்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தச் சின்னக் கை சுற்றித்தான் நான் கதைத்திருக்கிறேன். நான் பாட்டுக்குக் கசட்டின் இரண்டு பக்கமும் நிரப்பினேனே, கொஞ்சம் சுருக்கிக் கதைத்திருக்கக் கூடாதா? பஸ்ஸில் கண்ட நாய்க்குட்டி அவசியமா?

மத்தியானம் அவள் நித்திரை. கால் சுவரில். வலது கையை விரித்துப் பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை, மெத்தென்ற உள்ளங்கை. முத்தம் கொடுத்தேன். முழிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

காற்று. இன்றிலிருந்து மெல்லக் கதைப்பது என்று முடிவு. பழகுவதற்காக லோண்டரியிலேயே தொடங்கினேன். சூப்பர்வைசர் மனுசிக்கு "குட்... மோ...ணிங்" சொன்னேன், சுகமில்லையா என்று கேட்டார். குகன் கிட்ட வந்து என் வாயை மணந்து பார்த்தான். "அண்ணை, விடியக் காலமையே போட்டிட்டியளோ?"

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். துளசி மேசையில் வைத்துக் காகிதத்தில் வீடு கீறிக்கொண்டிருந்தாள். குரலை வயிற்றுக்குள் இறக்கி, "து...ள...சிக்... குஞ்...சு..." என்றேன்.

பென்சில் கீழே விழுந்தது. எழும்பிக் கிட்ட வந்தாள். என் வாயைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள். இவ்வளவு கிட்ட வந்தது இதுதான் முதல் தரம், பால் மா வாசம். "இண்...டைக்...கு... என்...ன... கீறி...னனீ..." என்று இழுத்தேன். முடிக்கவில்லை, திரும்பிக் குசினிக்குள் ஓடினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பைப் திறக்கிற சத்தம். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, சிந்திச் சிந்தி வந்தாள். என் கையில் தரவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"குடியுங்கோ."

குடித்தேன். முழுக் கிளாஸும். நானும் சிந்தினேன். அவள் கேட்டாள், "உங்களை ஆர் சுத்துறது?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை."

நம்பவில்லை. கதிரைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். குசினி வாசலில் வ. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், இந்தமுறை சிரிக்கவில்லை.

அப்பா என்று சொல்லவில்லைதான். ஆனால் தண்ணி தந்தாள். நன்றாக நித்திரை வரும்.

மார்ச் 12, வியாழன்

மழை, விடாமல். மத்தியானம் பெரிய மெசின் நின்றுவிட்டது. எல்லாரும் ஆறு மணிவரை நிற்க வேண்டும் என்றார்கள். வ. மூன்று மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு போன் எடுக்க விடுங்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் தன் அறைக்குள் விட்டார், ஒரு நிமிடம்தான் என்று மணிக்கூட்டைக் காட்டினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுபட்டது. ஹலோ இல்லை. மூச்சு மட்டும். வ. குளிக்கப் போயிருக்க வேண்டும். போனை ஒருநாளும் தொடாத பிள்ளை. கொழும்பிலிருந்தபோது எவ்வளவு கூப்பிட்டும் போனுக்கு வரமாட்டாள்.

"பிள்ளை, அம்மாட்டைச் சொல்லு, மெசின் பழுதாப்போச்சு, நான் வர ஏழு மணியாகும், பார்த்துக்கொண்டிருக்காமல் சாப்பிடச் சொல்லு, கீழ்க் கதவைப் பூட்டச் சொல்லு, நீயும் ஹீற்றருக்குக் கிட்டப் போகாத, விளங்குதோ."

ஒரே மூச்சில் கொட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மூன்று நாளாகப் பட்ட பாடெல்லாம் போச்சு. சூப்பர்வைசர் பார்க்கப் பார்க்க, குரலை இறக்கித் திரும்பத் தொடங்கினேன். "அம்...மாட்...டைச்... சொல்...லு..."

"மெல்லக் கதைக்க வேண்டாம்."

துளசிதான். காதோடு காதாக.

"இஞ்ச கரண்ட் இருக்கு, நான் போட்டுப் பார்த்தனான். ஒருத்தரும் சுத்தத் தேவையில்லை. நீங்கள் கெதியாவே கதையுங்கோ, அப்பா."

சுவரில் ஷிப்ட் அட்டவணை தொங்கியது, அதில் என் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு எழுத்தும் ஓடவில்லை.

"அப்பா?"

சூப்பர்வைசர் மணிக்கூட்டைத் தட்டினார். கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

"அப்பா, கேக்குதோ?"

கேட்டது. இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும் என்று பேசாமல் நின்றேன்.