முன்கூரையில் சோலார்

12 மார்ச், வியாழன். மூவார், மலேசியா.

தலைவலி இன்னும் விடவில்லை. எங்கள் நாற்காலித் தொழிற்சாலைக் கூரையில் சோலார் தகடுகளை எந்தப் பக்கம் போடுவது என்று காலை முழுக்க முதலாளியோடு மல்லுக்கட்டினேன். பின்கூரையில் நாள் முழுக்க வெயில் காய்கிறது. முன்கூரையில் மதியத்துக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிறது. படம் வரைந்துகூடக் காட்டினேன்.

“முன்னாலயே போடும்மா.”

“பாஸ், அங்க வெயில் பத்தாது லா.”

“வெயில் கெடக்கட்டும். எதிர் நாற்காலிக் கம்பெனிக்காரன் போன வாரமே போட்டுட்டான். அவன் மாடியில நின்னு டீ குடிக்கிறப்போ நம்மளோடது கண்ணுல படணும்.”

மாலையில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. பசுமைத் தொழில்நுட்பத்துக்கு மாற உங்களைத் தூண்டியது எது என்று கேட்டிருந்தார்கள். முதலாளி கண்கூடச் சிமிட்டவில்லை.

“பூமித்தாய்னு எழுதும்மா.”

எழுதினேன். என்ஜினியருக்குப் படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

நாளைக்குக் காண்ட்ராக்டர் வருகிறார். வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். நிழலில் மின்சாரம் வராவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள்.

பின்பக்கம் வெறும் செம்பனைத் தோட்டம். குரங்குகளைத் தவிர நிமிர்ந்து பார்க்க ஆளில்லை. அங்கேயும் எவனாவது ஒரு நாற்காலிக் கம்பெனி கட்டித் தொலைத்தால் பூமித்தாய் பிழைத்துக்கொள்வாள்.