திறக்காமல் அழுத்திய பச்சைப் பொத்தான்

கப்ரோவோ,
மே மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஆசெனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூக்கம் வந்து, பல் வலி முட்டி வலி தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். ரோட்டர்டாமில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்வதை வைத்து நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் கிடையாது. ஆலையையே கம்ப்யூட்டருக்கு மாற்றியவள் எதற்காகத் தாளில் எழுதுகிறாள் என்று உன் மனைவி கேட்பாள். தாள் என்றால் உறையைக் கிழித்துத்தான் ஆக வேண்டும், அதற்காகத்தான். போனில் அனுப்பினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் உனக்கும் தெரிந்துவிடும்.

பஸ்ஸில் அனுப்பிய மிளகாய்த் துவையல் பாட்டில்கள் வந்து சேர்ந்தனவா என்று நீ இன்னும் சொல்லவில்லை. அதை அக்கம்பக்கத்து டச்சுக்காரர்களுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துத் தீர்த்துவிடாதே, அவர்களுக்கு அதன் அருமை தெரியாது, நான் பால்கனியில் நின்று மிளகாய் சுட்டுத் தோலுரித்ததில் விரல் எரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடச் சொல், அந்த ஊர்க் காற்று நல்ல காற்றில்லை. மேல்மாடி ஸ்டான்கா தன் மகளை மூன்றாம் தடவையாகக் கட்டிக் கொடுத்தாள், நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, போன தடவை கொடுத்த பரிசே இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறதாம்.

ஆலை விஷயத்துக்கு வருகிறேன். டூல் ரூமுக்கு மேலே இருக்கும் வரைபட அறையை நீ மறந்திருக்க மாட்டாய், பள்ளிக்கூடம் விட்டதும் என் அறைக்கு வராமல் அங்கேதான் ஓடுவாய். ஒவ்வொரு பம்புக்கும் உண்டான வரைபடம், அதன் திருத்தங்கள், சோதனை அறிக்கைகள், நான் போடும் உத்தரவுகள், எல்லாம் உன் அப்பாவின் அலமாரிகளில்தான் இருந்தன. அவருடைய சிவப்பு ரப்பர் ஸ்டாம்பு விழாத தாளை வைத்து யாரும் ஒரு துளைகூடப் போடக் கூடாது. சிவப்பு எதற்கென்றால், எவனாவது திருட்டுத்தனமாக நகல் எடுத்தால் முத்திரை கறுப்பாக விழும், உடனே பிடித்துவிடலாம். இந்த ஆலை என் அப்பா கட்டியது, டைரக்டர் நான், ஆனாலும் நான் அனுப்பும் உத்தரவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் உன் அப்பா அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். "டைரக்டரம்மா தேதி போட மறந்துட்டாங்க, போட்டு வாங்கிட்டு வாங்கப்பா" என்று படிக்கட்டில் நின்று சத்தமாகச் சொல்வார், கீழே லேத்தில் நிற்கிறவன் வரைக்கும் சிரிப்பான். பெரிய பிரிண்டருக்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார், மையும் தாளும் விழுங்கிவிட்டு ஓயாமல் கத்துகிறதாம். அவருடைய மாமியார் என்றால் என் அம்மா என்பது ஆலை முழுக்கத் தெரிந்த விஷயம். வீட்டில் என்னோடு நாலு வார்த்தை பேச நேரமில்லாத மனிதர், அந்த அறையில் வருகிறவன் போகிறவனோடெல்லாம் நாள் பூராவும் பேசிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் நான் மறக்கிறவள் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் அவராகவே வந்து மாட்டிக்கொண்டார். ஃபோர்மேன் பென்கோவுக்குக் கண்ணில் புரை, தன் கையில் இருந்த வரைபடத்தில் எழுத்து தெரியவில்லை என்று மேலே போய்க் கேட்டிருக்கிறான். உன் அப்பா பேச்சு சுவாரசியத்தில் பெரிய அளவில் ஒன்று அச்சடித்து, ஸ்டாம்பும் குத்திக் கொடுத்துவிட்டார். அச்சடித்தது பழைய திருத்தம். புதியது அவர் மேஜை மேலேயே கிடந்தது, காபிக் கோப்பைக்கு அடியில். போல்ட் துளைகள் எல்லாம் பழைய இடத்தில் விழுந்து, தெஸ்ஸலோனிக்கிக்குப் போன பம்புகள் அத்தனையும் லாரியோடு திரும்பி வந்தன. கிரேக்கர்கள் கூடவே ஒரு அளவு டேப்பைப் பரிசுத்தாளில் சுற்றி எனக்கு அனுப்பியிருந்தார்கள். உன் அப்பா என் அறைக்கு வந்து நின்று, தப்பு தன்னுடையதுதான் என்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. அந்த டேப் இன்னும் என் மேஜை மேல், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரிதான் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் சோபியாவிலிருந்து யோவானா என்ற பெண் வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். இனி வரைபடம் எல்லாம் திரையில், பழைய திருத்தம் தானாகவே மறைந்துவிடும், ஒரு ஆவணத்துக்கு யார் யார் ஒப்புதல் தர வேண்டுமோ அவரவர் போனுக்கே அது போகும், சரி என்றால் பச்சைப் பொத்தான், வேண்டாம் என்றால் சிவப்பு. அலமாரிகளில் இருந்ததை ஸ்கேன் செய்ய ஆள் வைக்கலாமா என்று அவள் கேட்டாள், ஆள் இருக்கிறது என்றேன். குளிர்காலம் முழுக்க உன் அப்பா நகத்தால் பின்னைப் பிடுங்கிப் பிடுங்கி ஒவ்வொரு தாளாக அந்த இயந்திரத்துக்குத் தின்னக் கொடுத்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், சண்டைக்கு வருவார், அதைச் சாக்காக வைத்து ஏதாவது செய்யலாம் என்று நான் காத்திருந்தேன். ஆனால் அவருக்கு அது பிடித்தே போய்விட்டது. பழைய திருத்தம் மறைந்து போவதைப் பென்கோவைக் கூப்பிட்டுக் காட்டி, இது முன்னாடியே இருந்திருந்தால் உன் கண்ணும் என் வாயும் தப்பித்திருக்கும் என்று சிரித்தாராம். யோவானாவுக்கு வீட்டிலிருந்து நான் செய்த சீஸ் பணியாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லோரும் பச்சையை அழுத்திய பிறகு ஆவணத்தை வெளியிடும் கடைசிப் பொத்தானை அவளும் அவர் பேரிலேயே வைத்துவிட்டாள். தாள் போனது, பிரிண்டர் போனது, ராஜா மட்டும் அதே நாற்காலியில். எனக்குத் தாங்கவில்லை.

இனி உன்னைப் பற்றி. தாத்தா உன் பேரில் எழுதி வைத்த பங்குக்காக உன் பேரும் அந்த ஒப்புதல் வரிசையில் இருக்கிறது. ஒருவர் ஆவணத்தைத் திறந்தாரா, எப்போது திறந்தார் என்று அந்த இயந்திரம் குறித்துக்கொள்ளும், அதை நீ அறிய மாட்டாய். எண்ணெய் கொள்முதல், தீயணைப்பு விதி, கேன்டீன் சாப்பாடு, எதையும் நீ திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் பச்சை. சோதித்துப் பார்க்கலாம் என்று, ஆலை முற்றத்தில் ஒரு கழுதை வைத்துப் பராமரிக்க அனுமதி என்று ஒரு பக்கம் எழுதி உனக்கு மட்டும் அனுப்பினேன். மத்தியானத்துக்குள் பச்சை வந்துவிட்டது. வெளியிடுவதற்காக அது உன் அப்பாவிடம் போயிற்று, கழுதையின் நிறம் குறிப்பிடப்படவில்லை என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்பினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையனுக்கு அங்கே மூச்சு விட நேரமில்லை போலிருக்கிறது, அவனைக் கிண்டல் பண்ணாதே என்றார். நான் சூப்பைக் கிண்டிக்கொண்டே சரி என்றேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஒரே பக்கம் எழுதினேன். வரைபட அறை மூடப்படுகிறது, ஆவணப் பொறுப்பாளர் என்ற பதவி நீக்கப்படுகிறது, அதில் இருப்பவருக்கு ஆலையில் வேறு வேலை இல்லை. கொள்முதலில் போடலாமே என்று கணக்கர் சொன்னார். பென்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, லூபெனை, உன் அப்பாவைத்தான், வாசல் காவலிலாவது உட்கார வையுங்கள் என்றான். வாசலில் உட்கார்ந்தால் இன்னும் நிறையப் பேர் பேச்சுக்குக் கிடைப்பார்கள், முடியாது என்றேன். அந்தப் பக்கத்துக்கு என் ஒப்புதல் ஒன்றே போதும், சட்டம் அப்படித்தான். ஆனாலும் வரிசையில் உன் பேரையும் சேர்த்தேன். வியாழக்கிழமை காலை உன் போனில் மணியடித்திருக்கும், பல் தேய்த்துக்கொண்டிருந்தாயோ, டிராமில் நின்றுகொண்டிருந்தாயோ, நீ பச்சையை அழுத்தினாய். எல்லா ஆவணமும் போகிற மாதிரி அதுவும் கடைசியில் உன் அப்பாவின் திரைக்குப் போயிற்று. தன்னை வீட்டுக்கு அனுப்பும் தாளை அவரேதான் வெளியிட வேண்டும். நான் முற்றத்தில் நின்று அவருடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் போனில் மணியடித்தது. திருப்பி அனுப்பியிருந்தார். காரணம், அமலுக்கு வரும் தேதி போடப்படவில்லை. முப்பது வருஷமாக என்னைப் பார்த்து ஆலையையே சிரிக்க வைத்த அதே வரி. நான் மேலே ஏறிப்போனேன், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, கீழே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அந்தத் தேதிய நீங்களே போட்டுக்கங்க."

அவர் என்னைப் பார்த்தார். அன்றைய தேதியையே போட்டு வெளியிட்டார். கீழே ஒவ்வொருவன் போனாக மணியடித்தது, ஒவ்வொரு லேத்தாக நின்றது. இந்தத் தடவையாவது அவர்கள் என் பக்கம் நின்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன், எவனும் சிரிக்கவில்லை. உன் அப்பா திரையை என் பக்கம் திருப்பினார். உன் பேருக்கு எதிரே ஒப்புதல் என்றும், அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் திறக்கப்படவில்லை என்றும் இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பேசினார்.

"பாத்தியா நெவெனா, பையன் இதத் தொறக்கவே இல்ல. அவனுக்குத் தெரியாது. நல்லவேளை. நீயும் சொல்லிடாத, என்ன?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் பாட்டுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாமியாரை ட்ரியாவ்னாக்காரன் ஒருவனுக்கு விற்றாயிற்று. செத்தவர்களின் படம் போட்டு, கதவுகளிலும் மரங்களிலும் ஒட்டும் இரங்கல் தாள்களை அவன் அதில் அச்சடிக்கிறான். அந்தப் பிரிண்டரில் எதை அச்சடித்தாலும் இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு விழும் இல்லையா, அந்தக் கோடு இப்போது ஊரில் செத்தவர்கள் எல்லோருக்கும் விழுகிறது. உன் அப்பா காலையில் வழக்கமான நேரத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், ஸ்டான்காவுக்குத் தெரியக் கூடாதாம். ஆற்றங்கரை வழியாக மேலும் கீழும் நடந்து, ஒட்டியிருக்கும் தாள்களில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார் என்று பென்கோ வந்து சொன்னான், சொல்லும்போது அழுதான், வயசானால் ஆண்களுக்குக் கண்ணீர் கொஞ்சம் தாராளம்தான். சாயங்காலம் பையோடு திரும்பி வந்து தன் சிவப்பு ஸ்டாம்பைத் தேடுவார். கோட்டுப் பை, மேஜை டிராயர், சமையலறையில் கரண்டி போடும் டப்பா வரைக்கும் தேடிவிட்டு, நெவெனா, நீ பார்த்தாயா என்று கேட்பார். நான் இல்லை என்பேன். அது என் கைப்பைக்குள் இருக்கிறது, அந்த வியாழக்கிழமையே எடுத்துவிட்டேன். தினமும் சாயங்காலம் என் எதிரே வந்து நின்று என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்கிறார், ஆசென், கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. கொடுத்துவிட்டால் கேட்பதும் நின்றுவிடும்.

இதை எனக்கு எதற்கு எழுதினாய் என்று நீ கேட்பாய். திறக்கப்படவில்லை என்ற ஒரு வரியைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் உன்னை மன்னித்துவிட்டார், அதனால்தான். எனக்கு அப்படி ஒரு வரி கிடையாது. நான் எல்லாவற்றையும் திறந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு மட்டும் எதற்குத் தெரிந்திருக்க வேண்டும், இப்போது நீயும் திறந்துவிட்டாய், நீயும் படித்துவிட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் சைக்கிளில் போகாதே. மருமகளை அதட்டிப் பேசாதே, பெண்கள் மறக்க மாட்டார்கள். கடவுள் உன்னையும் குழந்தையையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வைத்திருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நன்றாக நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு, அவர் சட்டை மாற்றிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வேலை எப்படிப்பா போகிறது என்று நீ கேட்பாய். மாமியார் கத்திக்கொண்டேதான் இருக்கிறாள் என்பார். போன ஞாயிறும் அதைத்தான் சொன்னார், நீ சிரித்தாய். அதே மாதிரி சிரிக்க வேண்டும். குரல் கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார், அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு
உன் அம்மா
நெவெனா

இது நான் எழுதியதுதான் என்பதற்கு அவருடைய சிவப்பு முத்திரையைக் கீழே குத்தியிருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, சிரிக்க மறந்துவிடாதே.