மாமனார் பேருள்ள புல்

கொழுந்தியாவுக்கு,

அக்காவைப் புதைத்த மண்மேட்டில் என்ன புல் முளைத்திருக்கிறது என்று கேட்டிருந்தாய்.

என் அப்பாதான் முதலில் பார்த்தார். "பிதாயிக் புல்லுடா. பாரு, என் பேரே முளைச்சு வந்திருக்கு" என்றார். அவர் பேர் பிதாய்பெக் என்பதால் உன் அக்கா கோதுமையைக்கூட பிதாய் என்று சொன்னதில்லை. நம் கஸாக் வீடுகளில் எந்த மருமகள்தான் மாமனார் பேரைச் சொல்வாள்? கடையில் போய் "மாவாகிறது கொடுங்க" என்பாள். "கடைக்காரன் உன்னைப் பைத்தியம்னு நெனைக்கப் போறான்க்கா" என்று நீ சிரிப்பாய்.

"உயிரோட இருந்தப்ப ஒருநாளும் சொல்லாத பேரை இப்பக் கூப்பிடுறா" என்று அப்பா அழுதார். அடக்கத்தன்றுகூட அழாதவர். கொஞ்ச நேரம் கழித்து, "புல்லுக்குன்னே படிச்சவன் நீ. சொல்லு, அதுதானே?" என்றார்.

ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பிதாயிக்குக்கு வேர் ஆழமாகப் போகும், வருஷா வருஷம் துளிர்க்கும். இதற்கு நூல் போல நாலே வேர். குட்டைக் கதிர், விரல் பட்டதும் கணுக்கணுவாக உதிர்ந்தது. இது மோர்த்திக். வசந்தத்தில் கிளறிய மண்ணில் முதலில் வந்து, ஜூனிலேயே செத்துப்போகிற புல்.

"ஆமாப்பா, அதுதான்" என்றேன்.

இலையுதிர் காலத்தில் அக்காவின் வருஷ நினைவு விருந்துக்கு நீ வரும்போது மேடு வெறும் மண்ணாகத்தான் இருக்கும். அப்பா கேட்டால், ஆடு மேய்ந்துவிட்டது என்று நீயே சொல்லிவிடு. அவர் முகத்தைப் பார்த்து இரண்டாம் தடவை பொய் சொல்ல என்னால் முடியாது.

உன் அக்கா புருஷன்