ஈர மணல் பானை

வேடியப்பன் துணை

ஜமுனாமரத்தூர்
28.2.2025

அன்பு ஷோபனாவுக்கு அண்ணி தேவயானி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு இரண்டு வேளையும் விளக்கு வைக்கிறேன்.

போனில் பேசினால் அத்தை பக்கத்தில் நின்று கேட்கிறார், நடுவில் அழுகிறார். உன் அம்மா அழுதால் எனக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் உன் அண்ணன் சென்னைக்குப் பஸ் ஏறும்போது இதைக் கையில் கொடுக்கிறேன்.

கிட்னியும் கணையமும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள், ஊசி இல்லாமலே சர்க்கரை நூற்றுப் பத்து என்று அவர் சொன்னபோது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். உனக்கு எட்டு வயதிலிருந்து ஊசி போட்ட கை இது. கல்யாணமாகி வந்தபோது எனக்கு எழுத்து தெரியாது. உன் ஊசியின் கோடுகளில்தான் எண் கற்றேன், மருந்துச் சீட்டைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத்து கற்றேன். காலை இவ்வளவு, மாலை இவ்வளவு என்று நாள்காட்டியில் குறிக்காமல் படுத்ததில்லை. இந்த வாரம் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. பார்க்கவே வயிறு நிறைகிறது.

கரண்ட் போனால் ஊசி மருந்து கெடாமலிருக்க ஈர மணலில் புதைத்து வைப்போமே, அந்தப் பானையையும் காலி செய்து வெயிலில் கவிழ்த்துவிட்டேன். துளசி வைக்கலாம் என்கிறார் அத்தை.

நேற்று அமாவாசை. உனக்கு உறுப்பு கொடுத்தவருக்கும் ஓர் இலை போட்டேன். பெயர் சொல்ல மாட்டார்களாமே. பெயர் தெரியாவிட்டால் என்ன, பசி தெரியாதா.

கோயிலில் படைத்த தினைமாவு உருண்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். தேன் விட்டுப் பிடித்தது. எல்லோரும் தின்ன நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாயே, அதற்காக வேண்டிக்கொண்டது. டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடு.

உன்னை எதிர்பார்க்கும்
தேவயானி

* * *

சென்னை
2.3.2025

அன்புள்ள அண்ணிக்கு ஷோபனா வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பழையதை எடுக்க மாட்டார்களாம் அண்ணி, புதிதை மட்டும் பக்கத்தில் வைத்துத் தைப்பார்களாம். ஆக, என் வயிற்றில் இப்போது கிட்னி மூன்று, கணையம் இரண்டு. பக்கத்துக் கட்டில் காந்தா அக்கா, "இன்னாடி, உன் வயிறு செங்கம் பஸ் ஸ்டாண்டா?" என்கிறார். சிரித்தால் தையல் இழுக்கிறது. அதற்காகவே சிரிக்க வைக்கிறார்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உருண்டையைப் பற்றி டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். மத்தியானம் போர்வைக்குள் வைத்துத் தின்றேன். அந்தத் தேன் வாசனையை எப்படி எழுதுவது!

சாயங்காலம் என் மெஷினில் பார்த்தால் இருநூற்று அறுபது. வலது பக்கம் வயிறு வேறு வலிக்கிறது. உடனே காதில் உங்கள் குரல்: "இன்னா துன்ன?" நர்ஸ் வந்து பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த வழிதானே, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து நடந்தால் இறங்கிவிடும். சின்ன வயதில் நீங்கள் பார்ப்பதற்குள் புளியமரத்தைச் சுற்றி ஓடுவேனே, அப்படி. சொம்பைக் கையில்கூட எடுத்துவிட்டேன்.

அப்புறம் கீழே வைத்துவிட்டேன். வயிற்றுக்குள் இருப்பது யாரோ கொடுத்தது. இதை வைத்துக்கொண்டு நான் பொய் சொல்லக் கூடாது. நர்ஸைக் கூப்பிடப் போகிறேன். திட்டு வாங்கிவிட்டு வந்து மீதியை

* * *

வேடியப்பன் துணை

ஜமுனாமரத்தூர்
4.3.2025

ஷோபனா,

பாதியில் நின்ற உன் கடிதத்தை உன் அண்ணன் போனில் படித்துக் காட்டினார். மறுபடி ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள் என்றார். அதோடு போனை வைத்துவிட்டார்.

நான் உருட்டின மாவு. இரண்டு நாளாக இந்தக் கையால் விளக்கேற்றப் பயமாக இருக்கிறது. புளி லோடு ஏற்றிப்போகும் தாண்டவராயனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கண் திறந்ததும் ஒரு வரி எழுது. என் மாவினாலா, இல்லையா? எனக்காக எதையும் மறைக்காதே.

தேவயானி

* * *

சென்னை
12.3.2025

அன்புள்ள அண்ணி,

நீங்கள் கேட்ட வரி முதலில்: உங்கள் மாவினால் இல்லை.

நர்ஸிடம் சொன்னதும் டாக்டரம்மாவே வந்தார். தப்பு என்னுடையது, தின்றுவிட்டேன் என்று அழுதேன். வெளியிலிருந்து வந்ததைத் தின்றதற்குத் திட்டினார், அது தனி. பிறகு கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "ஒரு உருண்டைக்கு இவ்ளோ ஏறாதும்மா. புதுக் கணையம் அதைத் தாங்கும். சர்க்கரை ஏறுதுன்னா அது உன் தப்பு இல்ல, உள்ள இருக்கறது கூப்பிடுது."

உடனே ஸ்கேன். கணையத்திலிருந்து இரத்தம் திரும்பிப் போகும் குழாயில் உறைந்து அடைத்திருந்தது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆகுமாம். திறந்து பார்த்தபோது கணையம் கறுத்துப் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள் அண்ணி. பிறகு உள்ளே இரத்தம் கசிந்து இன்னொரு தடவையும் திறந்தார்கள். இப்போது கசிவு நின்றுவிட்டது.

கிட்னி நன்றாக வேலை செய்கிறது. டயாலிசிஸ் இனி வேண்டாம். "மறைச்சு வெச்சு காலைல சொல்லியிருந்தா கிட்னியும் போயிருக்கும், நீயும் போயிருப்ப" என்றார் டாக்டரம்மா.

ஆனால் ஊசி திரும்ப வந்துவிட்டது. நீங்கள் பானையைக் கவிழ்த்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதை நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கொடுத்தவருக்கு இனியும் இலை போடலாமா? கொடுத்ததை என்னால் காப்பாற்ற முடியவில்லையே.

உங்கள்
ஷோபனா

* * *

வேடியப்பன் துணை

ஜமுனாமரத்தூர்
16.3.2025

என் தங்கமே,

இவளை நான்தான் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்ல மாட்டேன். அந்தச் சொம்பைக் கீழே வைத்தாயே, அது நான் கற்றுக்கொடுத்தது இல்லை. நான் கற்றுக்கொடுத்தது என் திட்டுக்குப் பயந்து புளியமரத்தைச் சுற்றி ஓடத்தான். வயிற்றை மூன்று தடவை கிழித்த பிறகும் என் மாவைப் பற்றி முதல் வரி எழுதினவள் நீ. உன்னை நினைத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வயதில் சின்னவள் என்பதால் விட்டுவிட்டேன்.

இந்த வூட்டில் இனி "இன்னா துன்ன" கிடையாது. அத்தையிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப இன்னான்னு கேக்கறது?" என்றார். "எங்க வலிக்குதுன்னு கேளுங்க அத்தே" என்றேன். இரண்டு நாளாகக் கோழியைக்கூட அப்படித்தான் கேட்கிறார்.

இலை கட்டாயம் உண்டு. அவர் கொடுத்ததில் ஒன்று போனது, ஒன்று உன்னிடம் உயிரோடு இருக்கிறது. போனதற்கும் சேர்த்துத்தான் படைப்பேன். நீ யாருக்கும் கடன்காரி இல்லை.

பானையில் அத்தை துளசியை நட்டேவிட்டார். நேற்று மண்ணோடு பெயர்த்து வாசலில் வைத்தோம். இலை கொஞ்சம் வாடியது, இன்று நிமிர்ந்துவிட்டது. பானையைக் கழுவி, ஓடையிலிருந்து புது மணல் அள்ளி வந்து சலித்துப் போட்டேன். காலையில் தண்ணீர் தெளித்து, கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.

நன்றாகக் குளிர்ந்திருக்கிறது. நீ வா.

உன் அண்ணி
தேவயானி